பல்லிக்குத் தலை சுற்றிய வருடம்

தம்பி சமையலறைப் பின்வாசலில் வந்து நின்றபோது ரொட்டிக்காரிக்கு இரண்டு கையும் முழங்கைவரை மாவு. தொழிலாளர் விடுதியின் சமையலறை அது. அடுப்பில் ஒரு கண், பலகையில் ஒரு கண் என்று விடிந்ததிலிருந்து அவள் தேய்த்துப் போடுகிற ரொட்டிக்குக் கணக்கு வழக்கே கிடையாது. அவளுடைய சொந்தப் பெயர் அங்கே யாருக்கும் நினைவில்லை. ரொட்டிக்காரி என்றால்தான் தெரியும்.

வேலை நேரத்தில் தம்பி அங்கே வந்ததே இல்லை. சட்டை முழுக்கப் பெயின்ட் துளி, முகத்தில் ரத்தமே இல்லை. "அக்கா, கொஞ்சம் வெளிய வா" என்றான். அவள் கையைத் துடைக்கக்கூடத் தோன்றாமல் அப்படியே போனாள்.

அவள் புருஷனும் தம்பியும் உயரமான கட்டடங்களுக்கு வெளிப்பக்கம் பெயின்ட் அடிக்கிறவர்கள். மொட்டை மாடியிலிருந்து வடம் கட்டித் தொங்கவிட்ட பலகையில் ஆளுக்கொரு முனையில் உட்கார்ந்து அடித்துக்கொண்டே கீழே இறங்குவார்கள். அந்தப் பலகைக்கு ஊஞ்சல் என்று பெயர். புருஷனைத் தொழிலில் எல்லோரும் பல்லி என்பார்கள். எந்தச் சுவரில் விட்டாலும் ஒட்டிக்கொள்கிறானே என்று ஒரு மேஸ்திரி எப்போதோ சொன்னது, பெயராகவே நின்றுவிட்டது. அவனுக்கும் அதில் உள்ளூரப் பெருமைதான். வீட்டு விட்டத்தில் பல்லி சத்தம் போட்டால், "என்னைத்தான் கூப்பிடுது" என்பான். ஒரே பலகையில் புருஷனும் கூடப்பிறந்தவனும் தொங்குகிறார்கள் என்பதை நினைக்காமல் இருக்க அவள் எத்தனையோ வருடமாகப் பழகியிருந்தாள். நினைத்தால் ரொட்டி தேய்க்க முடியாது.

"யாருக்கு என்னடா?" என்றாள்.

"யாருக்கும் ஒண்ணும் ஆகல. ஆகியிருக்கும்." தம்பி குழாயடியில் உட்கார்ந்து தண்ணீரை முகத்தில் அடித்துக்கொண்டான். "மாமா பலகையிலேருந்து அப்படியே சரிஞ்சாருக்கா. கால் வழுக்கல, வடம் அறல. தூங்கி விழற மாதிரி ஒரு பக்கமா சாஞ்சாரு. இடுப்பு பெல்ட்டைப் புடிச்சேன். புடிச்ச வேகத்துல நானும் போயிருப்பேன்."

இது முதல் தடவையும் இல்லையாம். கொஞ்ச நாளாகவே மாமா ஒரு கையால் பலகையைப் பிடித்துக்கொண்டுதான் அடிக்கிறார். என்ன மாமா என்று கேட்டால் வெயில் என்கிறார். மேகம் போட்ட அன்றைக்குக் கேட்டாலும் வெயில்தான். இடது பக்கம் இருந்து பேசினால் பதிலே வருவதில்லை. இதையெல்லாம் தம்பி சொல்லச் சொல்ல அவள் கையில் இருந்த மாவு காய்ந்து இழுத்தது.

"இனிமே அவரோட ஏற மாட்டேன். அவரையும் ஏற விட மாட்டேன். மேஸ்திரிகிட்ட சொல்லிட்டேன்" என்றான் தம்பி. கொஞ்சம் நின்று, "என்கிட்டயாவது சொல்லியிருக்கணும்ல" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனான்.

வீட்டுக்குப் போனபோது பல்லி சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்திருந்தான்.  அவளுக்கு அப்போதுதான் ஒவ்வொன்றாக நினைவு வந்தது. கொஞ்ச காலமாகப் போனை வலது காதில்தான் வைக்கிறான். சோப்புப் போட்டுக் கண்ணை மூடி முகம் கழுவும்போது போய்ச் சுவரில் முட்டிக்கொள்கிறான். இதெல்லாம் அவள் பார்க்காதது இல்லை. பார்த்துவிட்டுப் பேசாமல் படுத்தவள்தான். பகல் முழுக்க அடுப்பில் வெந்துவிட்டு வருகிறவளுக்கு இன்னொன்றைக் கேட்டுக்கொள்ளத் தெம்பு இல்லை.

கடைசியில் அவன் எழுந்து உட்கார்ந்தான். "இடது காது கொஞ்சம் அடைச்சிருக்கு. உள்ள எப்பவும் கொர்ருன்னு ஒரு சத்தம். அப்பப்போ கிறுகிறுப்பு. இதைச் சொன்னா எவன் என்னை மேல ஏத்துவான்?"

"அவன் உசுரும் அதே பலகையிலதானே இருக்கு?"

  உன் தம்பி என் பிழைப்பில் மண்ணைப் போட்டுவிட்டான், ஊரெல்லாம் சொல்லிவிட்டான், இனி அவன் இந்தப் படி மிதிக்கக் கூடாது என்று கத்தினான். அவள் தட்டை எடுத்துவைத்தாள். இரண்டு பேரும் சாப்பிடவில்லை.

காது டாக்டர் காதைப் பார்த்தார், கேட்கும் சோதனை வைத்தார், ஸ்கேன் எடுக்க அனுப்பினார். ஸ்கேன் வந்த பிறகு, இது என் கையில் இல்லை என்று பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார். அங்கே ஒரு பெண் டாக்டர். தலைமுடி நரைத்தவர், நிதானமாகப் பேசுகிறவர். திரையில் படத்தைப் போட்டு, காதுக்கும் மூளைக்கும் நடுவே வெள்ளையாக ஒன்று உட்கார்ந்திருப்பதைக் காட்டினார். திராட்சைப் பழம் அளவு. கேட்பதற்கும், தடுமாறாமல் நிற்பதற்கும் சேதி கொண்டுபோகிற நரம்பு அங்கேதான் ஓடுகிறது. இது அதன் மேல் முளைத்திருக்கிற கட்டி. புற்றுநோய் இல்லை, அதைப் பற்றிப் பயம் வேண்டாம் என்றார். மெதுவாகத்தான் வளரும். ஆனால் பக்கத்திலேயே முகத்துக்குப் போகிற நரம்பு இருக்கிறது. அதற்கும் உள்ளே போனால் மூளையின் தண்டு. அங்கே போய் அழுத்துகிறவரை விட்டுவைக்க முடியாது.

மண்டையைத் திறக்க வேண்டுமா என்று ரொட்டிக்காரி கேட்டாள். சிலருக்குத் திறந்துதான் ஆக வேண்டும், இந்த அளவு கட்டிக்குக் கதிரே போதும் என்றார் டாக்டர். காமா நைஃப் என்று பெயர். பெயரில்தான் கத்தி, நிஜத்தில் கத்தியும் இல்லை, வெட்டும் இல்லை. தலையைச் சுற்றி எல்லாப் பக்கத்திலிருந்தும் மெல்லிய கதிர்கள் வரும். தனித்தனியாக எந்தக் கதிருக்கும் பெரிய பலம் கிடையாது. வருகிற வழியில் இருக்கிற நல்ல மூளையை அது ஒன்றும் செய்யாது. எல்லாம் ஒன்றுசேருகிற அந்த ஒரே இடத்தில்தான் முழு வேகமும் விழும். அந்த இடம் கட்டிக்குள் இருக்கிற மாதிரி கணக்குப் போட்டு விடுவோம் என்றார். அதற்காகத்தான் தலை ஒரு மயிரிழைகூட அசையாமல் இருக்க ஒரு சட்டத்தை மாட்டுவார்களாம். ஒரே நாள் வேலை, சாயங்காலம் வீட்டுக்குப் போகலாம்.

பல்லி எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டான். காது திரும்ப வருமா என்றான். வராது. கிறுகிறுப்பு போய்விடுமா? கொஞ்ச மாதம் கூடினாலும் கூடும், பிறகு பழகும். கட்டி கரைந்துவிடுமா?

"கரையாது. சிலருக்குக் கொஞ்சம் சுருங்கும். பெரும்பாலும் அங்கேயேதான் இருக்கும். வளராம நிக்கணும், அதான் நமக்கு வேணும்."

பல்லி சிரித்தான். நல்ல சிரிப்பு இல்லை. "காது வராது, கிறுகிறுப்பு போகாது, கட்டியும் அங்கேயே இருக்கும். அப்புறம் எதுக்கு டாக்டர் இது?"

டாக்டர் கோபப்படவில்லை. "இப்ப சிரிச்சீங்கல்ல, வாய் ரெண்டு பக்கமும் ஒரே மாதிரி விரிஞ்சுது. அது இப்படியே இருக்கணும். சோறு முழுங்கணும், நடக்கணும். அதுக்குத்தான்" என்றார்.

தேதி கிடைக்கிறவரை காத்திருந்தார்கள். அதற்குள் மழைக்காலம் வந்துவிட்டது. மழையில் வெளிச்சுவர் வேலை யாருக்கும் இல்லை. அது ஒன்றுதான் அவனுக்கு ஆறுதல். மற்றபடி நாள் நகரவில்லை. துணி காயவில்லை, வீடெல்லாம் ஈர வாடை. அவள் விடுதியிலிருந்து வந்தால் அவன் ஜன்னலோரம் உட்கார்ந்து எதிர்வீட்டுச் சுவரையே பார்த்துக்கொண்டிருப்பான். அங்கே பாசி பிடித்து, பெயின்ட் பொரி பொரியாகக் கிளம்பியிருந்தது. அடியில் சுரண்டாமல் அடித்திருக்கிறான், எந்த முட்டாள் அடித்தது என்று வாய்விட்டுத் திட்டுவான். தம்பி பேச்சை எடுத்தால் மட்டும் எழுந்து போய்விடுவான். எழுந்து போவது என்றாலும் சுவரைத் தடவித் தடவித்தான்.

ஒருநாள் அப்படிப் போகிறபோது நின்று, "இப்பத்தான் நான் நெசமான பல்லி. சுவத்தை விட்டா நடக்க முடியல பாரு" என்றான்.

அவள் பாத்திரத்தை அலசிக்கொண்டே இருந்தாள். கொஞ்ச நேரம் கழித்துத்தான் சிரிப்பு வந்தது. சிரித்து முடித்ததும் களைப்பாக இருந்தது.

போக வேண்டிய அன்றும் மழை. நனைந்த செருப்போடு ஆஸ்பத்திரிக்குள் போனார்கள். நர்ஸ் அவனை உள்ளே கூட்டிக்கொண்டு போய், நெற்றியில் இரண்டு இடம், பின்னந்தலையில் இரண்டு இடம் மரத்துப்போக ஊசி போட்டார். அதுதான் வலி, மற்றது எல்லாம் அழுத்தம் என்று சொல்லியிருந்தார்கள். அவனைச் சக்கர நாற்காலியில் வெளியே கொண்டுவந்தபோது ரொட்டிக்காரி எழுந்தவள் அப்படியே நின்றுவிட்டாள். தலையைச் சுற்றி ஒரு உலோகச் சட்டம். நான்கு திருகாணி தோலுக்குள் இறங்கி எலும்பைப் பிடித்திருந்தது. முகம் ஏதோ கூண்டுக்குள் இருக்கிற மாதிரி இருந்தது.

"பயப்படாத. ஜன்னல் சட்டம் மாட்டியாச்சு, இனி கண்ணாடி போட வேண்டியதுதான் பாக்கி" என்றான். அவள் வாயைப் பொத்திக்கொண்டாள்.

சட்டத்தோடேயே மறுபடி ஸ்கேன். பிறகு வெகுநேரம் ஒன்றுமில்லை. உள்ளே ஒரு அறையில் டாக்டரும், கதிர்க் கணக்குப் போடுகிற இன்னொருவரும் கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்து, எந்தக் கதிரை எங்கே சேர்ப்பது, முக நரம்பிலிருந்து எவ்வளவு தள்ளி நிறுத்துவது என்று பார்த்துக்கொண்டிருக்கிறார்கள் என்று நர்ஸ் சொன்னார். அவசரப்பட மாட்டார்கள், அவசரப்படவும் கூடாது. பல்லி நாற்காலியிலேயே கண்ணயர்ந்தான். சட்டம் இடிக்காமல் டம்ளரில் வாய் வைக்க முடியாது என்று அவனுக்கு உறிஞ்சுகுழல் கொடுத்திருந்தார்கள். அவன் குடித்து வைத்த மிச்சத் தண்ணீரை அவள் குடித்தாள். பிறகு கூப்பிட்டார்கள். கனமான கதவு ஒன்று திறந்து, அவனை உள்ளே வாங்கிக்கொண்டு, சத்தமில்லாமல் சாத்திக்கொண்டது. உள்ளே அவன் மட்டும்தான். டாக்டர்கள் வெளியே இருந்து திரையில் பார்த்து, மைக்கில் பேசுவார்களாம்.

வராந்தா பெஞ்சில் அவள் உட்கார்ந்திருந்தபோது தம்பி வந்தான். தலையிலிருந்து தண்ணீர் சொட்டியது. கையில் பிளாஸ்கும் காகிதப் பொட்டலமும். பக்கத்தில் உட்கார்ந்து டீயை ஊற்றிக் கொடுத்தான். பொட்டலத்தில் ரொட்டி. ஓரம் தடித்து, நடுவில் வேக்காடு பற்றாத ரொட்டி. எந்தக் கடையில் வாங்கினாய் என்று கேட்க வந்தவள், கேட்காமல் பிய்த்துத் தின்றாள். காலையிலிருந்து ஒன்றும் சாப்பிடவில்லை என்பது அப்போதுதான் தெரிந்தது.

"உள்ள போயாச்சா?"

"இப்பத்தான்."

"வலிக்குமா?"

"ஒண்ணும் தெரியாதாம்."

தம்பி ஈரச் சட்டையைப் பிழிந்தான். கீழே தேங்கிய தண்ணீரைக் காலால் தள்ளிவிட்டான். பிறகு அவளைப் பார்க்காமலேயே சொன்னான்.

"நானும் ஏறுறதில்லக்கா இப்போ."

"மழைதானே."

"மழைக்கு முன்னாலயே. அன்னிக்கப்புறம் ஒரு தடவ ஏறினேன். பலகையில உக்காந்ததும் கால் நடுங்க ஆரம்பிச்சுடுச்சு. இறக்கு இறக்குன்னு கத்தி இறங்கிட்டேன். எல்லாரும் பாத்தாங்க. இப்ப உள்சுவர்தான். ஏணியில ரெண்டு படிக்கு மேல கால் போக மாட்டேங்குது." உள்ளங்கையைத் திருப்பிப் பார்த்தான். "பெல்ட்டைப் புடிச்ச கை இது. படுத்தா இன்னும் புடிச்சிட்டே இருக்கற மாதிரி இருக்கு. விட்டிருந்தா என்ன ஆகியிருக்கும்னு இல்லக்கா. ஒரு நிமிஷம் விட்டுடலாமான்னு கை நெனைச்சுது. அதான்."

அவள் டீ டம்ளரைக் கீழே வைத்தாள். அவன் தலையைத் துவட்டிவிடப் புடவைத் தலைப்பை எடுத்தாள். எடுத்த கை பாதியில் மடியிலேயே விழுந்துவிட்டது.

"என்னால ரெண்டு பேரையும் தாங்க முடியாதுடா" என்றாள். "எனக்குத் தெம்பு இல்ல."

"தெரியும். தாங்கச் சொல்லல. சொல்லணும்னு இருந்துச்சு, சொல்லிட்டேன்."

இரண்டு பேரும் கதவைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். வராந்தாவில் ஒரு பெண் துடைப்பத்தால் மழைத் தண்ணீரைத் தள்ளிக்கொண்டே போனாள். அவள் போன பிறகும் தண்ணீர் வந்துகொண்டுதான் இருந்தது.

பல்லி வெளியே வந்தபோது சட்டத்தைக் கழற்றியிருந்தார்கள். நெற்றியில் இரண்டு பக்கமும் பஞ்சு. ஒரு பஞ்சில் சொட்டு ரத்தம். முதலில் அவளைப் பார்த்தான், பிறகு தம்பியைப் பார்த்தான்.  

"மழை விட்டுடுச்சா?" என்றான் பல்லி.

"இன்னும் விடல மாமா" என்றான் தம்பி.

அன்றைக்கு அவ்வளவுதான். ஆட்டோ பிடித்து ஏற்றிவிட்டுத் தம்பி நனைந்துகொண்டே போனான். வண்டியில் அவள், உள்ளே எப்படி இருந்தது என்று கேட்டாள். பாட்டு வேண்டுமா என்று கேட்டுப் பாட்டுப் போட்டார்களாம். மேஜை கொஞ்சம் நகர்ந்ததாம், நின்றதாம், நகர்ந்ததாம். "சூடு இல்ல, குத்தல் இல்ல, வெளிச்சம்கூட இல்ல. ஒண்ணுமே தெரியல. அதான் பயமா இருந்துச்சு" என்றான்.

அதற்குப் பிறகு வந்த மாதங்கள்தான் மோசம். ஆஸ்பத்திரியில் ஒரு நாள். வீட்டில் அது முடியவே இல்லை. டாக்டர் சொன்ன மாதிரியே கிறுகிறுப்பு கூடியது. படுக்கையில் திரும்பினால் வீடே சுற்றுகிறது என்று கட்டிலின் விளிம்பைப் பிடித்துக்கொள்வான். தின்றது நிற்காது. சின்ன வாளித் தண்ணீரைத் தூக்கினால் வாளி ஒரு பக்கம், ஆள் ஒரு பக்கம். குளிக்கிறபோது கதவைச் சாத்த விட மாட்டாள். இவள் வெளியே நிற்பாள், அவன் உள்ளிருந்து திட்டுவான். விடுதியில் ரொட்டி தீய்ந்தது, வார்டன் சத்தம் போட்டார். வீட்டில் என்ன ஆகிறதோ என்று காது எந்நேரமும் அங்கேயே இருந்தால் அடுப்பில் எப்படிக் கண் இருக்கும்? வெளியூரில் வேலை பார்க்கிற மகள் போனில், நீ சாப்பிட்டாயா அம்மா என்று கேட்பாள். சாப்பிட்டேன் என்பாள். சாப்பிட்டாளா இல்லையா என்று அவளுக்கே தெரியாது.

தடுமாற்றம் குறைய ஆஸ்பத்திரியில் ஒரு பயிற்சி சொல்லிக்கொடுத்திருந்தார்கள். கட்டைவிரலை முகத்துக்கு நேரே நீட்டி, தலையை இப்படியும் அப்படியும் திருப்பி, விரலையே பார்க்க வேண்டும். பிறகு காலைச் சேர்த்து நிற்க வேண்டும். முதலில் சின்னப் பிள்ளை வேலை என்று ஒதுக்கினான். பிறகு யாரும் இல்லாதபோது செய்தான். அவள் கதவிடுக்கில் பார்த்தாள். விரலைப் பார்த்துக்கொண்டே நடுஅறையில், எதையும் பிடிக்காமல், வியர்த்து வழிய நின்றுகொண்டிருந்தான். அவள் உள்ளே போகவில்லை.

அரை வருடம் கழித்து எடுத்த ஸ்கேனில் கட்டி முன்பைவிடக் கொஞ்சம் பெரிதாகத் தெரிந்தது. அவளுக்கு உட்காரவே முடியவில்லை. டாக்டர் நடுவில் கறுத்திருந்த இடத்தைக் காட்டினார். கதிர் பட்ட கட்டி முதலில் இப்படி வீங்கும், நடுவில் செத்துக் கறுக்கும். இது வளர்ச்சி இல்லை, எதிர்பார்த்ததுதான், இன்னும் அரை வருடத்தில் மறுபடி பார்க்கலாம் என்றார். முகம் சரியாக இருக்கிறது. நடை தேறியிருக்கிறது. பல்லி, எப்போது ஏறலாம் என்று கேட்டான். உயரம் வேண்டாம் என்றார் டாக்டர். எவ்வளவு நாளைக்கு என்றான். டாக்டர் படத்தை அணைத்துவிட்டு, "இனிமே வேண்டாம்" என்றார்.

வெளியே பஸ் நிறுத்தத்தில் நின்றார்கள். அவள் சந்தோஷப்பட வேண்டும் என்று நினைத்தாள். வளரவில்லை என்ற சேதிக்காகத்தானே இத்தனை நாள். ஆனால் எங்காவது படுத்தால் போதும் என்று மட்டும்தான் இருந்தது.

அடுத்த முறை எடுத்த படத்தில் வீக்கம் வடிந்து, கட்டி பழைய அளவுக்கு வந்திருந்தது. அடுத்த மழையும் போய் வெயில் ஏறிவிட்டது. ஒரு காலை தம்பி வீட்டுக்கு வந்தான். அந்த வீட்டுப் படியை அவன் மிதித்து ஒரு வருடத்துக்கு மேல் ஆகியிருந்தது. வந்தவன் நேராக விஷயத்துக்கு வந்துவிட்டான். ஒற்றை ஆள் பலகையில் ஏறலாம் என்று பார்க்கிறான். கீழே வடம் பிடிக்க ஆள் வேண்டும். மாடிக் கப்பியில் ஓடிக் கீழே வருகிற வடத்தைத் தூணில் சுற்றிப் பிடித்துக்கொண்டு, மேலே இருக்கிறவன் கேட்கக் கேட்கத் தளர்த்துகிற வேலை. மேலே ஏறத் தெரியாதவனுக்குக் கொடுக்கிற வேலை என்று பல்லி எப்போதும் சொல்லுவான்.

"செவிட்டுப் பயலை வச்சா வடம் புடிக்கப் போற?" என்றான் பல்லி. "எந்தப் பக்கத்துலேருந்து சத்தம் வருதுன்னே எனக்குத் தெரியாது."

"கூப்பிட மாட்டேன் மாமா. உங்க மணிக்கட்டுல ஒரு சின்னக் கயிறு கட்டுவேன், இன்னொரு முனை என் பலகையில. இழுத்தா தளர்த்துங்க. ரெண்டு தடவ இழுத்தா நிறுத்துங்க."

"நான் தடுமாறி விழுந்தா?"

"தூணோட சேத்து உங்களைக் கட்டிடுவேன்." தம்பி சிரிக்கவில்லை. "இப்ப கீழ நிக்கிறவன் போனைப் பாத்துட்டு நிக்கிறான். நீங்க வேற எங்கயும் பாக்க மாட்டீங்க. அது போதும் எனக்கு. இல்லேன்னா என்னால ஏறவே முடியாது."

பல்லி சுவரைப் பார்த்தான், தரையைப் பார்த்தான். ரொட்டிக்காரி, "டேய், யோசிச்சுக்க" என்றாள்.

"யோசிச்சுட்டுத்தான்க்கா வந்தேன்."

விடுதியில் தனக்கு வார விடுமுறை கிடைத்த அன்று அவள் சாப்பாட்டைக் கட்டி எடுத்துக்கொண்டு வேலை நடக்கிற இடத்துக்குப் போனாள். நேற்றுவரை போகக் கூடாது என்றுதான் இருந்தாள். புதுக் கட்டடம், முன்னால் மணல் குவியல், சிமென்ட் வாடை, கண்ணைக் கூசுகிற வெயில். தம்பி பாதி உயரத்தில் தொங்கிக்கொண்டு உருளைக் கட்டையால் மஞ்சள் பெயின்ட் அடித்துக்கொண்டிருந்தான். கீழே பல்லி தூணில் முதுகைக் கொடுத்து, இடுப்பில் ஒரு கட்டோடு நின்றான். அண்ணாந்தால் கிறுகிறுக்கும் என்று தலையையும் தூணிலேயே சாய்த்து, அப்படியே மேலே பார்த்துக்கொண்டிருந்தான். இரண்டு கையிலும் வடம். மணிக்கட்டில் சின்னக் கயிறு துடித்தது. அவன் வடத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக, மாவு பிசைகிறவள் தண்ணீர் விடுகிற மாதிரி அளந்து விட்டான். பலகை ஒரு அடி இறங்கி நின்றது. கயிறு இரண்டு தடவை துடித்தது. அவன் இறுக்கினான். கழுத்து நரம்பு புடைத்திருந்தது. முகத்தில் பயம் தெரிந்தது. ஆனால் கண் மேலேயே இருந்தது.

அவள் வந்ததை அவன் கவனிக்கவில்லை. அவள் கூப்பிடவும் இல்லை. நிழலில் ஒரு காலி பெயின்ட் வாளியைக் கவிழ்த்துப் போட்டு, சாப்பாட்டுப் பையை மடியில் வைத்து உட்கார்ந்தாள். கொஞ்ச நேரம் மேலே தம்பியைப் பார்த்தாள், கீழே புருஷனைப் பார்த்தாள், மறுபடி மேலே பார்த்தாள். ஒரு வருடமாக இந்தக் கண்ணுக்கு இதே வேலை. குளியலறைக் கதவில், கட்டிலோரத்தில், பஸ் படியில், எங்கேயும் அவன் காலையே பார்த்துப் பார்த்து இமை கனத்துக் கிடந்தது. சுவரில் தலையைச் சாய்த்துக் கண்ணை மூடினாள். சுவர் வெதுவெதுப்பாக இருந்தது.

மேலிருந்து தம்பி, "மாமா, அக்கா வந்திருக்கு" என்று கத்தினான். பல்லிக்குக் கேட்கவில்லை. தம்பி இன்னொரு தடவை கத்தினான். அவள் கண்ணைத் திறக்கவில்லை. அவர்கள் வேலையை முடித்துவிட்டு வரட்டும், சாப்பாடு ஆறினால் ஆறட்டும் என்று இருந்துவிட்டாள்.